கைநாட்டும் கையெழுத்தும்

'முதியோர் கல்வி' என்ற சொற்றொடரே முதற்பிழை என்று நமக்குத் தோன்றுவதுண்டு. பாகூர் கொம்யூனின் ஓர் ஊரில் நண்பர்கள் சிலர் சேர்ந்து சில மாதங்கள் இரவு வகுப்பு நடத்தினோம். வந்தவர்களில் பாதிப்பேர் நாற்பதைத் தாண்டாதவர்கள். பகல் முழுவதும் களை பறித்து, நாற்று முடி சுமந்து, வீட்டில் உலை வைத்து இறக்கிவிட்டு வந்த பெண்களை 'முதியோர்' என்று பலகையில் எழுதி வைத்திருந்தோம். அவர்களுக்கு அப்போது அதைப் படிக்கத் தெரியாது என்பது எங்கள் அதிர்ஷ்டம்.

முதல் நாள் நாங்கள் விதிகளை வாசித்தோம். ஏழு மணிக்கு வர வேண்டும். விடுப்பு எடுக்கக் கூடாது. வீட்டுப்பாடம் எழுதி வர வேண்டும். நாங்கள் படித்த பள்ளிக்கூடத்தை அப்படியே பெயர்த்துக்கொண்டு போயிருந்தோம். வயதில் மூத்த ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "தம்பி, நடவு நாள்ல ஏழு மணிக்கு நான் எங்க இருப்பேன்னு உனக்குத் தெரியுமா?" தெரியாது. அடுத்துக் கேட்டதுதான் எங்களை மடக்கியது. "இது எத்தன நாள்ல முடியும்? முடிஞ்சா எனக்கு என்ன தெரியும்?"

எங்களிடம் விடை இல்லை. 'அறிவுக்கண் திறக்கும்' என்பதுபோல எதையோ சொல்லிச் சமாளித்தோம். கற்பவரிடம் நாம் எதிர்பார்ப்பதை ஒரு பட்டியலாகவே வைத்திருந்தோம். கற்பவர் நம்மிடம் எதை எதிர்பார்க்கலாம் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை.

இத்தனைக்கும் இந்த மண்ணில் அதற்கு முன்னோடிகள் உண்டு. 1988இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கிற்று. 1990 பிப்ரவரியில் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அந்த அலையில்தான் புதுச்சேரியிலும் பிறகு தமிழ்நாட்டிலும் அறிவொளி இயக்கம் பரவியது. கலைப்பயணங்களும் தெருநாடகங்களும் பலருக்கு நினைவிருக்கும். அவற்றின் ஆரவாரத்தில் மறைந்துபோன ஒன்று அந்தப் பாடநூல்களின் அமைப்பு. மூன்று நூல்கள், ஏறத்தாழ 200 மணி நேரம், இடையிடையே கற்பவர் தம்மைத் தாமே சோதித்துக்கொள்ளத் தேர்வுகள். எவ்வளவு காலம், எதுவரை என்ற கேள்விக்கு அந்த நூல்களிலேயே விடை இருந்தது. தொண்டர்களில் எத்தனை பேர் அதைக் கற்பவரிடம் வாய்விட்டுச் சொன்னார்கள் என்பது வேறு. தமிழ்நாட்டில் வகுப்பு 'அ'வில் தொடங்காமல் 'பட்டா', 'படி' என்ற சொற்களில் தொடங்கியது. நிலமற்றவர் எழுதும் முதற்சொல் பட்டா! 1963இல் பிரேசிலின் ஆங்கிகோஸ் ஊரில் முந்நூறு உழைப்பாளிகளுக்கு 40 மணி நேரத்தில் எழுத்தறிவித்த பாவ்லோ ஃப்ரெய்ரேயும் கற்பவரின் அன்றாடச் சொற்களிலிருந்தே தொடங்கினார். (அடுத்த ஆண்டே ராணுவ ஆட்சி அவரைச் சிறையில் தள்ளியது.) அறிவொளி நாட்களைப் பற்றி ச. தமிழ்ச்செல்வன் எழுதிய 'இருளும் ஒளியும்' நூலை இலக்கிய வாசகர்கள் அவசியம் தேடிப் படிக்க வேண்டும் என்பது எம் கட்சி.

பாகூருக்குக் கல்வியோடு பழைய உறவும் உண்டு. 9ஆம் நூற்றாண்டில், நிருபதுங்கவர்மன் காலத்துச் செப்பேடு ஒன்று, இவ்வூர் வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்கள் கொடையாகத் தரப்பட்டதைச் சொல்கிறது. அந்த மூன்று ஊர்களில் ஏர் பிடித்தவர்கள் அந்தக் கல்விச்சாலையின் வாசற்படியை மிதித்திருப்பார்கள் என்று நம்ப எமக்குத் துணிவில்லை.

எங்கள் வகுப்புக்குத் திரும்புவோம். முதல் இலக்காகக் கையெழுத்தை வைத்தோம். எல்லோரும் செய்வதுதான். மூன்று வாரங்களில் பெரும்பாலோர் பெயர் எழுதினர். கைதட்டினோம், மிட்டாய் கொடுத்தோம், படமெடுத்தோம். குழந்தைகளுக்குச் செய்வதைப் போலச் செய்கிறோம் என்ற உறுத்தல்கூட அன்று இல்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு பெண் வகுப்புக்கு வருவதை நிறுத்தினார். காரணம் பிறகுதான் தெரிந்தது. குழுக் கடன் ஒன்றில் அவர் பெயரிலும் தொகை ஏறியிருந்தது. பணம் அவர் கைக்கு வரவில்லை. தாளில் அவருடைய கையெழுத்து இருந்தது, தெளிவாக, நாங்கள் சொல்லிக்கொடுத்த அதே சாய்வில். "முன்னெல்லாம் ரேகை வைக்கிறப்ப யாராச்சும் படிச்சுக் காட்டுவாங்க. இப்ப கையெழுத்துப் போடத் தெரியுமேன்னு நீட்டிட்டாங்க. எனக்கும் கேக்க வெக்கமா இருந்துச்சு" என்றார்.

கைநாட்டுக்கு இருந்த சிறு பாதுகாப்பையும் நாங்கள் பிடுங்கிவிட்டோம். பொருள் புரிந்து படிக்கவும் எழுதவும் தெரிந்த, ஏழு வயது நிறைந்தவரையே எழுத்தறிவு பெற்றவர் என்கிறது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. அந்த அளவுகோலில் வெறும் கையெழுத்து எழுத்தறிவே அல்ல. 2011 கணக்கில் புதுச்சேரியின் எழுத்தறிவு ஏறத்தாழ 86 விழுக்காடு. ஆண்கள் 91, பெண்கள் 81. அந்த 81க்குள் கையெழுத்து மட்டும் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்று யாரிடம் கேட்பது?

அதன் பிறகு ஒரு நாள் பாடத்தை நிறுத்திவிட்டு உட்கார்ந்து பேசினோம். முதல் நாளே செய்திருக்க வேண்டியது. இந்த வகுப்பால் கடன் கிடைக்காது, வேலை கிடைக்காது என்றோம். (கடன் கிடைக்கும் என்று நம்பி வந்தவர்கள் நான்கு பேர், இருவர் அன்றோடு நின்றுவிட்டார்கள். அது நேர்மையான இழப்பு.) இன்ன மாதத்துக்குள் பேருந்துப் பலகையும் பாஸ்புக்கின் வரவு செலவும் படிக்கலாம் என்றோம். படிக்காத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள் என்பதை விதியாகவே வைத்தோம்.

பிறகு அவர்கள் சொன்னார்கள். நேரம் எட்டரை. நடவுக்கும் அறுப்புக்கும் வகுப்பு இல்லை, எந்த நாட்கள் என்று அவர்களே முன்கூட்டிச் சொல்வார்கள். மருமகள் முன்னால் மாமியாரின் தப்பைச் சத்தமாகச் சொல்லக் கூடாது. "குட், வெரி குட்" வேண்டாம். எல்லாவற்றுக்கும் முந்திக்கொண்டு பதில் சொல்பவரை நாங்கள்தான் அடக்க வேண்டும். கடைசியாக ஒருவர், "ஆயான்னு கூப்பிடு, பேரச் சொல்லி வருகை எடுக்காத" என்றார். எங்கள் விதிகளைவிட அவர்களுடையவை கறாரானவை. ஆனால் அதற்குப் பிறகு வராத நாளுக்கு முன்தினமே சொல்லி அனுப்பினார்கள்.

பெரியவர்களுக்கு விதி போட்டால் ஓடிவிடுவார்கள், அன்பாக நடந்துகொண்டால் போதும் என்று சில நண்பர்கள் வாதிடுகிறார்கள். நமக்கு உடன்பாடில்லை. சொல்லாமல் விட்ட இடத்தில் பழைய பள்ளிக்கூட விதி தானே வந்து உட்கார்ந்துகொள்கிறது. தப்பாகப் படித்தால் திட்டு விழுமோ என்ற அச்சத்தையும் கூடவே கூட்டிவருகிறது. 2022 முதல் 2027 வரைக்கென ஒன்றிய அரசு வகுத்த புதிய எழுத்தறிவுத் திட்டத்தின் தேர்வில் படித்தல், எழுதுதல், கணக்கு ஒவ்வொன்றுக்கும் 50 மதிப்பெண். இந்த ஒரு செய்தியையாவது கற்பிக்கப் போகும் தொண்டர்கள் முதல் மாலையே சொல்லலாம். தேர்வு நாளன்று சொல்வது அவமதிப்பு.

அந்தப் பெண் ஒரு மாதம் கழித்து வகுப்புக்குத் திரும்பி வந்தார். வரும்போது அந்தக் கடன் தாளின் நகலையும் கொண்டு வந்தார். ஆறு பக்கம், எறும்பு எழுத்து. 'ஜாமீன்தாரர்' என்ற சொல்லில் நாங்களே தடுக்கினோம். 200 மணி நேரம் படித்தாலும் இந்தத் தாளைத் தனியாகப் படிக்க முடியுமா என்று கேட்டார். முடியாது ஆயா, இன்னும் நாளாகும் என்றோம். "அத மொதல்லயே சொல்லிருக்கலாமில்ல" என்றபடி சிலேட்டை எடுத்துக்கொண்டார்.