வளைகுடாவில் நம்மவர், திருப்பூரில் அவர்கள்

சவுதிக்கோ குவைத்துக்கோ போன ஒருவர் விடுமுறையில் ஊருக்கு வந்தால், திண்ணையில் இருப்பவர்கள் முதலில் கேட்பது "சம்பளம் எவ்வளவு?". அடுத்த கேள்வி "வேலை நிரந்தரம்தானே?". முதல் கேள்விக்குச் சிரித்துக்கொண்டே பதில் சொல்பவர், இரண்டாவது கேள்வி வந்ததும் பேச்சை மாற்றிவிடுவார். வேலை பார்ப்பது எவ்வளவு பெரிய எண்ணெய் கம்பெனியாக இருந்தாலும் சரி, அவர் கையில் இருப்பது சில வருட ஒப்பந்தம் மட்டும்தான்.

எண்ணெய் விலை இறங்கினால் ஆட்குறைப்பு. உள்ளூர்க்காரர்களுக்கு இத்தனை சதவீதம் வேலை என்று அரசு சொன்னாலும் ஆட்குறைப்பு. சவுதி அரேபியா 2011-இல் 'நிதாகத்' திட்டத்தைக் கொண்டுவந்தபோது தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் எத்தனையோ வீடுகளில் தூக்கம் போனது. 2014-இன் நடுவில் பீப்பாய் 100 டாலருக்கு மேல் விற்ற கச்சா எண்ணெய், 2016 ஜனவரியில் 30 டாலருக்குக் கீழே வந்தது. அந்த ஆண்டு சவுதியின் கட்டுமான நிறுவனங்களில் ஆயிரக்கணக்கான இந்தியர்கள் மாதக்கணக்கில் சம்பளம் இல்லாமல் முகாம்களில் தவித்தார்கள். அவர்களுக்குச் சாப்பாடு கொடுக்கும் பொறுப்பு இந்தியத் தூதரகத்தின் மேல் விழுந்தது. செய்தியைப் படித்த நாம் எல்லோரும் கொதித்தோம். நியாயம்தான்.

இப்போது அதே கேள்வியைத் திருப்பூரில் கேட்டுப் பார்ப்போம்.

டாலர் சிட்டியின் வெளியூர்க்காரர்கள்

திருப்பூர் என்றைக்குமே வெளியூர்க்காரர்களால் ஓடும் ஊர். முதலில் சுற்றுவட்டாரக் கிராமத்து ஆட்கள் வந்தார்கள். பிறகு மதுரை, தேனி, திண்டுக்கல், ராமநாதபுரம் பக்கத்து ஆட்கள் வந்தார்கள். கடந்த பதினைந்து, இருபது ஆண்டுகளில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம், உத்தரப் பிரதேசம் என்று பட்டியல் நீண்டுவிட்டது. தன்பாத் – ஆலப்புழா ரயில் திருப்பூரில் நிற்கும்போது முதுகில் பையோடு இறங்கும் இளைஞர் கூட்டத்தைப் பார்த்தாலே இது புரியும்.

கட்டிங், ஓவர்லாக், பிளாட்லாக், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று எந்தப் பிரிவிலும் இன்று இந்தி கேட்கிறது. காண்ட்ராக்டர் மூலம் வந்தவர்கள் பலர். கூலி ஷிப்ட் கணக்கு அல்லது பீஸ் ரேட். சம்பளம் பெரும்பாலும் வாரக் கடைசியில். இந்த வாரம் வேலை இருந்தது என்பதற்குச் சாட்சி கையில் வந்த பணம். அடுத்த வாரம் வேலை இருக்கும் என்பதற்கு எந்தச் சாட்சியும் கிடையாது!

அடி விழுந்த காலங்களைப் பாருங்கள். 2011 ஜனவரியில், நொய்யலை மாசுபடுத்திய சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. நதியைப் பார்த்தால் அந்த உத்தரவில் தவறே இல்லை. ஆனால் 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே நேரத்தில் நின்றபோது, அங்கே வேலை பார்த்தவன் எங்கே போனான் என்று யார் கணக்கு எடுத்தார்கள்? 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. வெளிநாட்டு பையர்கள் ஆர்டர்களை ரத்து செய்தார்கள். சிறப்பு ரயில் மே மாதம்தான் வந்தது. 2023 மார்ச்சில் வட மாநிலத்தவர் தாக்கப்படுகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவி, பயந்துபோன பலர் ஊருக்கு ரயில் ஏறினார்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீத வரி போட்டது. திருப்பூர் ஏற்றுமதியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆர்டர்கள் நின்றன, ஷிப்ட்கள் குறைந்தன.

ஒவ்வொரு முறையும் முதலாளியின் நஷ்டம் கோடிகளில் செய்தியானது. அதைச் சொல்ல சங்கம் இருக்கிறது, டெல்லிக்குப் போய் மனு கொடுக்க ஆள் இருக்கிறது. வெளியூர்த் தொழிலாளியின் நஷ்டம் மட்டும் ரயில்வே டிக்கெட்டாக முடிந்துபோனது.

சட்டம் என்ன சொல்கிறது?

சட்டமே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளியை ஆட்குறைப்பு செய்தால் ஒரு மாத நோட்டீஸ் தர வேண்டும். வேலை பார்த்த ஒவ்வொரு ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம் இழப்பீடாகத் தர வேண்டும். ஐம்பது பேரோ அதற்கு மேலோ உள்ள தொழிற்சாலையில் வேலை இல்லை என்று தற்காலிகமாக நிறுத்தி வைத்தால் அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி இரண்டிலும் பாதி தர வேண்டும். 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டத்தில் இருந்த இந்த விதிகள், 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பிலும் தொடர்கின்றன. தானாக வேலை தேடி வந்தவரையும் வெளிமாநிலத் தொழிலாளி என்று புதிய தொகுப்புகள் ஏற்றுக்கொள்கின்றன. 1979-ஆம் ஆண்டுச் சட்டம் காண்ட்ராக்டர் அழைத்து வந்தவரை மட்டும்தான் கணக்கில் எடுத்தது.

அப்படியானால் சிக்கல் எங்கே? "ஓராண்டு தொடர்ந்து" என்ற அந்த இரண்டு வார்த்தைகளில்தான். ஒடிசாவிலிருந்து வந்த ஒரு இளைஞனை எடுத்துக்கொள்வோம். நான்கு மாதம் ஒரு கம்பெனி, மூன்று மாதம் இன்னொரு ஜாப் ஒர்க் யூனிட், பிறகு ஊருக்குப் போய்த் திரும்பி வந்து வேறொரு காண்ட்ராக்டர். ஐந்து வருடம் திருப்பூருக்கே உழைத்திருப்பான். ஆனால் எந்தப் பதிவேட்டிலும் அவனுக்கு ஓராண்டு இருக்காது. ஏட்டில் இருக்கும் பாதுகாப்பு அவன் கைக்கு வராமல் போவது இப்படித்தான்.

முதலாளி சொல்வதும் உண்மைதான்

"ஆர்டர் இருந்தால்தானே வேலை கொடுக்க முடியும்? தீபாவளிக்கு ஊருக்குப் போனவன் வருவானா மாட்டானா என்று எங்களுக்கே தெரியாது. பக்கத்துக் கம்பெனியில் ஷிப்டுக்கு ஐம்பது ரூபாய் கூட என்றால் சொல்லாமல் போய்விடுகிறான்" என்று முதலாளிகள் சொல்வார்கள். பொய்யில்லை. பத்து மெஷின் வைத்து ஜாப் ஒர்க் செய்பவரிடம் போய் வேலையை நிரந்தரமாக்கு என்றால் அவர் கடையை மூடிவிடுவார்.

உள்ளூர்த் தொழிலாளிக்கும் ஒரு வருத்தம் உண்டு. குறைந்த கூலிக்கு அவர்கள் வருவதால் தன் கூலி ஏறவில்லை என்கிறார். ஆனால் கூலியை இறக்குவது எது? எதிர்த்துப் பேசினால் நாளை வேலை இல்லை என்ற பயம்தான். அந்தப் பயம் ஒருவனுக்கு இருக்கும்வரை பக்கத்து மெஷினில் இருப்பவனுக்கும் கூலி ஏறாது. 1984-இல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் செய்த ஊர் இது. எல்லோரும் சேர்ந்து நின்றால்தான் பேரம் பேச முடியும் என்பது திருப்பூருக்குப் புதிதாகச் சொல்லித் தர வேண்டிய பாடம் இல்லை.

என்ன செய்யலாம்?

ஆர்டரை நம்பி இருக்கும் தொழிலில் ஆயுள் முழுக்க ஒரே வேலை கிடைக்காது. எனவே வேலைப் பாதுகாப்பு என்பதை இங்கே மூன்று எளிய விஷயங்களாகப் பார்க்கலாம். வேலை பார்த்ததற்கு அத்தாட்சி, வேலை போவதற்கு முன் அறிவிப்பு, வேலை போன பின் சில மாதச் சாப்பாடு.

முதலாவதற்கு வழி ஏற்கெனவே இருக்கிறது. பி.எஃப். கணக்குக்கு 2014 முதல் ஒரே எண். கம்பெனி மாறினாலும் எண் மாறாது. ஒருவன் எந்தக் கம்பெனியில் இருந்தாலும் திருப்பூரில் உழைத்த மாதங்களை அந்த எண்ணில் கூட்டிப் பார்க்க முடியும். அந்தக் கூட்டலை இழப்பீட்டுக்கும் கணக்கில் எடுத்தால் என்ன? அதற்கான பணத்தை ஒரே முதலாளி தலையில் கட்டாமல், ஏற்றுமதியாளர்களும் பையர்களும் அரசும் சேர்ந்து ஒரு நிதியாக வைக்கலாம்.

மூன்றாவதற்கு உதாரணம் எண்ணெய் நாட்டிலேயே இருக்கிறது. ஐக்கிய அரபு எமிரேட்ஸ் 2023 ஜனவரியிலிருந்து வேலையிழப்புக் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. குறைந்த சம்பளக்காரர் மாதம் 5 திர்ஹாம் கட்டினார். ஓராண்டு கட்டியவருக்கு வேலை போனால் அடிப்படைச் சம்பளத்தில் 60 சதவீதம், அதிகபட்சம் மூன்று மாதம். இதில் வெளிநாட்டுத் தொழிலாளிகளும் அடக்கம்! இந்தியாவிலும் ஈ.எஸ்.ஐ. 2018-இல் இதுபோன்ற ஒன்றைக் கொண்டுவந்து, 2020-இல் உதவியைச் சம்பளத்தில் பாதியாக உயர்த்தியது. ஆனால் வாழ்நாளில் 90 நாள்தான், அதற்கும் ஈ.எஸ்.ஐ.யில் பெயர் இருக்க வேண்டும். பெயரே ஏறாதவனுக்கு அது எப்படிக் கிடைக்கும்?

குடியுரிமையை எளிதில் தராத நாடு வெளிநாட்டுக்காரனுக்கு மூன்று மாதச் சாப்பாட்டுக்கு வழி செய்கிறது. ஒரே நாட்டின் குடிமகனுக்கு, ஓட்டுரிமை உள்ளவனுக்கு, திருப்பூர் அதைச் செய்ய முடியாதா?

வளைகுடாவில் நம் அண்ணனுக்கும் சித்தப்பாவுக்கும் என்ன மரியாதை கிடைக்க வேண்டும் என்று நினைக்கிறோமோ, அதையே பனியன் கம்பெனி வாசலில் நிற்பவனுக்கும் கேட்க வேண்டும். அவனும் எங்கோ ஒரு கிராமத்தில் யாருக்கோ அண்ணன்தான். அவன் ஊருக்குப் போனாலும் திண்ணையில் உட்கார்ந்து யாரோ கேட்பார்கள், "வேலை நிரந்தரம்தானே?" என்று. அவன் பேச்சை மாற்றாமல் பதில் சொல்லும் நாளில்தான், டாலர் சிட்டி என்ற பெயர் அங்கே உழைக்கும் எல்லோருக்கும் சொந்தமாகும்.