ஷைனி தாண்டிய கோடு

ஆசிய விளையாட்டுப் போட்டி நெருங்கினால் போதும், பத்திரிகைகளில் ஒரு பெட்டிச் செய்தி முளைத்துவிடும்: கைக்கு வந்து நழுவிய பதக்கங்கள். மில்கா சிங், உஷா என்று தொடங்கும் அந்தப் பட்டியலில் எங்கோ கீழே ஷைனி வில்சன் இருப்பார். 1986, சியோல், பெண்கள் 800 மீட்டர், தடம் மாறி ஓடியதால் தகுதி நீக்கம். அவ்வளவுதான். மில்காவுக்கும் உஷாவுக்கும் 'நூலிழை', 'துரதிர்ஷ்டம்' என்று மரியாதையான சொற்கள் கிடைக்கும். ஷைனிக்குக் கிடைப்பது 'கவனக்குறைவு'. கொஞ்சம் தாராளமான நிருபராக இருந்தால் 'அசட்டுத்தனம்'.

நடந்தது என்ன? 800 மீட்டர் என்றால் இரண்டு சுற்று. முதல் வளைவு முடியும்வரை அவரவர் தடத்தை விட்டு இறங்கக் கூடாது. வளைவு முடிகிற இடத்தில் தரையில் வில்போல ஒரு கோடு போட்டிருக்கும். அதைத் தாண்டிய பிறகுதான் உள்தடத்துக்கு வரலாம். ஷைனி அதற்கு முன்பே இறங்கிவிட்டார். மற்றவர்களுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தவரின் பெயர் முடிவுப் பட்டியலிலிருந்தே போயிற்று. நடுவர்கள் செய்தது சரி. அவர்களோடு எனக்குத் தகராறு இல்லை. எழுதியவர்களோடுதான் தகராறு.

விதி தெரியாமல் ஓடினார் என்கிற பேச்சை முதலில் எடுத்துக்கொள்வோம். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்ஸில் இதே 800 மீட்டரில் அரையிறுதிவரை போனவர் அவர். 1985-ல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய தடகளப் போட்டியில் இதே 800 மீட்டரில் தங்கம். அந்தக் கோட்டை எத்தனையோ முறை ஒழுங்காகத் தாண்டிய கால்கள் ஒரு நாள் அவசரப்பட்டன. தொடுப்புழாவிலிருந்து வந்த அந்தப் பெண்ணுக்கு அப்போது வயது 21.

இரண்டாவது, அதே சியோலில் அவர் செய்த மற்ற காரியங்கள். 400 மீட்டரில் உஷாவுக்கு அடுத்து வெள்ளி. 4x400 தொடர் ஓட்டத்தில் உஷா, வந்தனா ராவ், வந்தனா ஷான்பாக் ஆகியோருடன் தங்கம். அந்த ஆசிய விளையாட்டில் இந்தியா வாங்கிய தங்கம் மொத்தமே 5. மல்யுத்தத்தில் கர்த்தார் சிங் ஒன்று. மீதி நான்கும் தடகளத்தில். அந்த நான்கையும் நாம் 'உஷாவின் நான்கு தங்கம்' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அதில் ஒன்று நான்கு பெண்கள் கையில் கோல் மாற்றி ஓடி வாங்கியது. ஆக, தேசத்தின் ஐந்து தங்கத்தில் ஒன்றுக்குப் பங்காளியான ஒருவர், வாங்காமல் போன ஆறாவதற்காக நாற்பது வருடமாகத் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறார்.

நான் இருக்கும் மட்டாஞ்சேரியில் விளையாட்டு என்றால் கால்பந்துதான். பஜார் ரோட்டில் மிளகு, சுக்கு மூட்டைகள் இறங்கும் கிடங்குகளை ஒட்டிய சாயாக்கடையில் ஒரு சுலைமானியோடு உட்கார்ந்தால், பெரியவர்களுக்கு 1973 டிசம்பர் 27 இன்னும் முடியவில்லை என்பது தெரியும். எறணாகுளம் மகாராஜாஸ் மைதானம், சந்தோஷ் டிராபி இறுதி ஆட்டம், ரயில்வேஸுக்கு எதிராக 3-2, மூன்றும் கேப்டன் மணி போட்ட கோல். கேரளத்துக்கு அதுதான் முதல் கோப்பை. (பயிற்சியாளர் சைமன் சுந்தரராஜ் தமிழ்நாட்டுக்காரர் என்று நான் இடையில் நுழைத்தால், இக்காக்கள் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு மறுபடி மணியிடமே போய்விடுவார்கள்.) அந்த அணி எத்தனை வாய்ப்பை வீணாக்கியது, யார் யார் கோட்டைவிட்டார்கள் என்று அங்கே யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் ஷைனி பேச்சை எடுத்தால் வருகிற முதல் வாக்கியம், "ஆ, லைன் மாறி ஓடிய பெண்ணல்லே?" ஆட்டத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் கோலை நினைவு வைத்திருக்கிறார்கள். பத்திரிகையில் படித்தவர்கள் தலைப்பை.

சியோல் போட்டி முடிந்து இருபதே நாளில், 1986 அக்டோபர் 25 அன்று, நியூயார்க்கில் இன்னொருவருக்கு இதே தலைவிதி எழுதப்பட்டது. பேஸ்பால் உலகத் தொடரின் ஆறாவது ஆட்டம். தரையோடு உருண்டு வந்த ஒரு சாதாரணப் பந்து, பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணிக்காக முதல் பேஸில் நின்ற பில் பக்னரின் கால்களுக்கிடையே புகுந்து ஓடியது. எதிரணியான மெட்ஸ் ஜெயித்தது. பக்னர்தான் கோப்பையைத் தொலைத்தார் என்று அமெரிக்கப் பத்திரிகைகள் முடிவு கட்டின. அந்தப் பந்து வருவதற்கு முன்பே ரெட் சாக்ஸ் தன் முன்னிலையை இழந்து ஆட்டம் சமநிலைக்கு வந்திருந்தது. ஏழாவது ஆட்டம் ஒன்று மீதி இருந்தது. அதிலும் 3-0 என்று முன்னால் நின்றுவிட்டுத்தான் அந்த அணி தோற்றது. இதெல்லாம் தலைப்பில் அடங்காத சமாச்சாரங்கள். 22 பருவங்கள் ஆடி, 2,715 ஹிட் அடித்து, 1980-ல் தேசிய லீகின் பேட்டிங் பட்டத்தையும் வென்ற மனிதருக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. 2008-ல் பாஸ்டன் ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டி அவரை வரவேற்றார்கள். அதுவும் இடையில் இரண்டு கோப்பை வென்று வயிறு நிறைந்த பிறகு.

பாஸ்டன்காரர்களாவது கைதட்டினார்கள். நம்மிடம் அந்த ஏற்பாடும் கிடையாது. உஷாவைத் தலையில் வைத்து ஆடிய அதே பத்திரிகைகள், 1988 சியோல் ஒலிம்பிக்ஸில் குதிகால் காயத்தோடு ஓடி முதல் சுற்றிலேயே அவர் வெளியேறியதும் எப்படித் திரும்பின என்பது ஊரறிந்த கதை. மறு வருடமே டெல்லி ஆசிய தடகளத்தில் 4 தங்கம், 2 வெள்ளி என்று அவர் பதில் சொல்லிவிட்டார். ஷைனியின் பதிலுக்குக் கொஞ்சம் அதிக காலம் பிடித்தது. அதனால்தானோ என்னவோ, பலர் கவனிக்கவில்லை.

1992 பார்சிலோனா ஒலிம்பிக்ஸ் தொடக்க விழாவில் இந்தியக் கொடியை ஏந்தி நடந்தார்; ஒலிம்பிக்ஸில் அந்த கௌரவம் பெற்ற முதல் இந்தியப் பெண் அவர். 1984 முதல் 1996 வரை நான்கு ஒலிம்பிக்ஸ். ஆனாலும் என் கணக்கில் பெரியது கொடியும் இல்லை, ஒலிம்பிக்ஸும் இல்லை. 1995 டிசம்பரில் சென்னையில் தெற்காசிய விளையாட்டு நடந்தது. ஷைனிக்கு அப்போது வயது 30, தாயாகியிருந்தார். அந்த வயதில் அவர் 800 மீட்டரை 1 நிமிடம் 59.85 விநாடியில் ஓடி முடித்தார். இரண்டு நிமிடத்துக்குள் அந்த தூரத்தை முடித்த முதல் இந்தியப் பெண். இரண்டாவது பெண் வர 2010 ஆயிற்று: உஷாவின் மாணவி டின்டு லூகா, குரோஷியாவின் ஸ்ப்ளிட் நகரில், 1:59.17.

கவனமில்லாதவர் என்று பெயர் வாங்கியவரின் சாதனை பதினைந்து வருடம் நின்றிருக்கிறது. 800 மீட்டரில் அப்படி ஒரு நேரம் ஓட, முதல் சுற்றை எவ்வளவு வேகத்தில் விடுவது, இரண்டாவதற்கு எவ்வளவு மிச்சம் வைப்பது என்ற கணக்கு தப்பவே கூடாது.

ஷைனி சென்னையிலேயே வேலை பார்த்தவர், இந்திய உணவுக் கழகத்தில். சென்னை வாசகர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். அந்த டிசம்பரில் மைதானத்தில் உட்கார்ந்து அந்த ஓட்டத்தைப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். கூட்டம் இருந்ததா, கடைசி நூறு மீட்டரில் பக்கத்தில் வேறு யாராவது இருந்தார்களா, கடிகாரத்தைப் பார்த்ததும் அவர் என்ன செய்தார்? சியோலைப் பற்றிச் சொல்ல இங்கே சாயாக்கடையில் எட்டுப் பேர் கிடைக்கிறார்கள். சென்னையைப் பற்றிச் சொல்ல ஒருவரும் இல்லை.