கேட்டில் நிற்பவர் யாருடைய ஆள்?

எங்கள் தெரு அடுக்குமாடியின் வாசலில் போன வாரம் ஒரு பூக்கார அம்மாளை செக்யூரிட்டி பிடித்துத் தள்ளினார். கூடை கவிழ்ந்தது, மணிக்கட்டு வீங்கிவிட்டது. கட்டட உரிமையாளரிடம் போய்க் கேட்டேன். "அவர் ஏஜென்சி ஆள் சார். எனக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை" என்றார். ஏஜென்சிக்குப் போன் செய்தேன். "ஓனர் சொன்னதைத்தான் செய்தார்" என்றார்கள்.

சம்பந்தமில்லையா? வியாபாரிகளை அண்டவிடாதே என்று உத்தரவு போட்டது யார்? புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். 1804-இல் வந்த பிரெஞ்சு சிவில் சட்டமே, வேலைக்கு வைத்தவர் அந்த வேலையில் தன் ஆள் செய்யும் தீங்குக்குப் பொறுப்பு என்றது. நம் நீதிமன்றங்களும் சம்பளம் கொடுப்பது யார் என்பதோடு நிற்பதில்லை. யார் கட்டுப்பாட்டில் வேலை நடந்தது என்றும் பார்க்கின்றன.

2005-ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைகள் சட்டப்படி ஏஜென்சிக்கு உரிமம் வேண்டும். காவலாளிக்குப் பயிற்சியும் நன்னடத்தை விசாரணையும் வேண்டும். "உரிமத்தைப் பார்த்தீர்களா?" என்றேன். "ரேட் குறைவாகச் சொன்னார்கள்" என்றார்!

பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் அந்தக் காவலாளியை மட்டும் பலி கொடுத்துவிட்டு நாம் கைகழுவக் கூடாது. அவரை நாளைக்கே மாற்றிவிடுவார்கள், உத்தரவு மாறாது. என் அலுவலகத்தில் பியூன் தவறு செய்தாலும் விளக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டது மேலே இருந்தவர்கள்தான்.

வாடகை வாங்குகிற கை, அந்த அம்மாளின் வைத்தியச் செலவையும் கொடுக்கட்டும்.