மறைத்தல் வேறு, காத்தல் வேறு

அரபு மொழியில் 'ஸத்ர்' என்றொரு சொல் உண்டு. 'கித்மான்' என்று மற்றொரு சொல்லும் உண்டு. இரண்டையும் 'மறைத்தல்' என்னும் ஒரே தமிழ்ச் சொல்லால் பெயர்த்துவிட்டு அப்பால் செல்வோர் பலர். ஆயினும் அவ்விரண்டுக்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேற்றுமை இருக்கிறது. ஸத்ர் என்பது போர்வை. ஒருவருடைய மானம் வெட்டவெளியில் கிடக்காதபடி அவர்மீது போர்த்தப்படுவது. கித்மான் என்பது அமுக்குதல்; வெளிவர வேண்டிய உண்மையை, சொல்லப்பட வேண்டிய சாட்சியத்தை, அறிந்தே புதைத்துவிடுவது. முன்னது பண்பு, பின்னது குற்றம். எது எது என்று தெரிந்துகொள்ள ஓர் உரைகல் போதும்: இந்த மறைப்பினால் காக்கப்படுபவர் யார்? துன்புற்றவரா, துன்புறுத்தியவரா?

இந்த உரைகல்லில் ஒரு பொருளை உரசிப் பார்க்க விரும்புகிறோம். மேற்படிப்புக்காக நம் பிள்ளைகள் பலர் அமெரிக்கா செல்கின்றனர். அங்குள்ள பல்கலைக்கழகங்கள் பலவற்றில், பாலியல் வன்முறையைத் தடுப்பதற்கும், அதற்கு ஆளானவர்களுக்கு இரகசியமாகத் துணைநிற்பதற்கும் தனி அலுவலகங்கள் இயங்குகின்றன. சில வளாகங்களில் மாணவ மாணவியரையே பயிற்சிப் பணியாளர்களாக அமர்த்திக்கொள்கிறார்கள். "நம் வீட்டுப் பெண் இப்படிப்பட்ட வேலைக்குப் போவதா? இது என்ன படிப்பு?" என்று வினவுவோர் நம்மிடையே உளர். வினவுவதோடு நில்லாமல், வெட்கங்கெட்ட வேலை என்று தீர்ப்பும் கூறிவிடுகின்றனர். தீர்ப்புக் கூறுவதற்கு முன் வழக்கைக் கேட்க வேண்டாவா?

இந்த அலுவலகங்கள் ஒரே நாளில் முளைத்தவையல்ல. பாலியல் வன்முறைக்கு ஆளான பெண், மருத்துவமனையிலும் காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் தனியே நின்று, கேட்கத் தகாத கேள்விகளைக் கேட்டுக் கூனிக் குறுகிய காலம் ஒன்று அந்நாட்டிலும் இருந்தது. 1971இல் கலிபோர்னியாவின் விரிகுடாப் பகுதியிலும், 1972இல் வாஷிங்டன் நகரிலும், அப்பெண்களுக்குத் துணையாக உடன் செல்லும் நிலையங்களைப் பெண்களே தொடங்கினர். அதே 1972இல், அரசின் நிதி பெறும் கல்வி நிலையங்களில் ஆண் பெண் வேற்றுமை காட்டலாகாது என்று சட்டம் வந்தது. 1977இல் யேல் பல்கலைக்கழக மாணவியர் வழக்குத் தொடுத்தனர். பாலியல் தொல்லையும் கல்வியுரிமையைப் பறிப்பதே என்று வாதாடினர். 1980இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளிக்கவில்லை. எனினும் அவர்கள் எழுப்பிய வாதம் வேரூன்றிவிட்டது. புகார் கேட்பதற்கு ஒரு முறையைப் பல்கலைக்கழகமும் ஏற்படுத்தியது.

1986இல் பென்சில்வேனியாவிலுள்ள லீஹாய் பல்கலைக்கழக விடுதியில் ஜீன் கிளெரி என்னும் மாணவி, தன் அறையிலேயே மானபங்கப்படுத்தப்பட்டுக் கொல்லப்பட்டாள். பெற்றவர்கள் அழுதுவிட்டு ஓய்ந்துவிடவில்லை. அவர்களுடைய முயற்சியால் 1990இல் பிறந்த சட்டம் அம்மகளின் பெயரையே தாங்கி நிற்கிறது. தன் வளாகத்தில் நடந்த குற்றங்களின் எண்ணிக்கையை ஒவ்வொரு கல்வி நிலையமும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்பது அதன் விதி. அதே விதி, சமய ஆலோசகர்களையும் தகுதி பெற்ற மனநல ஆலோசகர்களையும், தாம் கேட்டதைப் பல்கலைக்கழகத்துக்கு அறிவிக்கும் கடமையினின்று விலக்கியும் வைத்திருக்கிறது. எண்ணிக்கை வெளியே வர வேண்டும். பெயர் உள்ளே இருக்க வேண்டும். கித்மானைத் தகர்த்து ஸத்ரைக் காப்பது இதுவன்றோ?

இனி, அலுவலகம் இயங்கும் முறையைப் பார்ப்போம். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்கு 10 வளாகங்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் 'கேர்' என்னும் பெயருடைய துணை அலுவலகம் இருக்கிறது. அங்கே ஒரு மாணவி தனக்கு நேர்ந்ததைப் பேராசிரியரிடமோ விடுதிப் பொறுப்பாளரிடமோ சொன்னால், அவர் அதை விசாரணை அதிகாரிக்குத் தெரிவித்தாக வேண்டும். துணை அலுவலகத்தாருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆக, அவள் முன் இரண்டு வாயில்கள் இருக்கின்றன. ஒன்றில் நுழைந்தால் விசாரணை தொடங்கும். மற்றொன்றில் நுழைந்தால் அவள் சொல் அவளுடையதாகவே இருக்கும். புகார் செய்வதா, வேண்டாவா என்று நிதானமாக எண்ணிப் பார்க்கும் அவகாசம் அவளுக்குக் கிடைக்கும். மருத்துவமனைக்கு உடன் வருவது, அறை மாற்றிக் கேட்பது, தேர்வுக்குத் தவணை பெறுவது, காவல் துறைக்குப் போக விரும்பினால் உடன் போவது, அவளுடைய உரிமைகளை விளக்குவது ஆகியவை துணைநிற்போரின் பணிகள். முடிவெடுப்பது மட்டும் அவர்கள் பணியன்று. காவல் துறையில் புகார் கொடுக்காமலேயே மருத்துவச் சான்றுகளை எடுத்து வைத்துக்கொள்ளும் உரிமையும் அந்நாட்டில் உண்டு; நாள் செல்லச் செல்லச் சான்று அழிந்துவிடும் என்பதை அறிந்தோர் செய்த ஏற்பாடு அது.

பயிற்சியற்றோர் எவரையும் அந்த நாற்காலியில் அமர்த்திவிடுவதில்லை. பாலியல் வன்முறைக்கு ஆளானவரிடம் கேட்டதை வெளியிடுமாறு அவருடைய ஆலோசகரை நீதிமன்றமும் எளிதில் வற்புறுத்தலாகாது என்பது 1980 முதல் கலிபோர்னியச் சட்டம். அந்தக் காப்பைப் பெற 40 மணி நேரப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். சட்டம், மருத்துவப் பரிசோதனை, அதிர்ச்சியுற்ற மனத்தின் இயல்பு, எல்லாவற்றுக்கும் மேலாகக் குறுக்கிடாமல் கேட்கும் கலை ஆகியவை கற்றுத் தரப்படுகின்றன. பயிற்சிப் பணியில் சேரும் மாணவர்களுக்குப் பெரும்பாலும் தடுப்புப் பணியே தரப்படுகிறது. புதிதாக வந்த மாணவர்களைக் கூட்டிப் பேசுவது, தீங்கு நடக்கப்போகும் இடத்தில் வாளாவிராமல் எப்படிக் குறுக்கிடலாம் என்று கற்பிப்பது போன்றவை அவை. இத்தகைய பணி வெறும் பேச்சன்று. கனடாவின் மூன்று பல்கலைக்கழகங்களில் ஏறத்தாழ 900 மாணவியரிடையே நடத்தப்பட்டு 2015இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. மூன்று மணி நேரம் வீதம் நான்கு அமர்வுகளில் தற்காப்புக் கல்வி பெற்ற மாணவியரிடையே ஓராண்டுக்குள் வன்புணர்ச்சிக்கு ஆளானோர் 5.2 விழுக்காடு; அக்கல்வி பெறாதவரிடையே 9.8 விழுக்காடு. ஏறத்தாழச் சரிபாதி! இத்தனை பெண்களைக் காத்த பணியையா வெட்கங்கெட்ட பணி என்பது?

"அது மேல்நாட்டு நோய், நமக்கென்ன?" என்பர் சிலர். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் சங்கம் 2019இல் 33 கல்வி நிலையங்களில் 1,81,752 மாணவர்களிடம் விவரம் திரட்டியது. இளங்கலை மாணவியருள் 25.9 விழுக்காட்டினர், வலுக்கட்டாயத்தாலோ இசைவு தர இயலாத நிலையிலோ பாலியல் தீண்டலுக்கு ஆளாகியிருந்தனர். கேட்கப்பட்டோருள் ஐவரில் ஒருவருக்குச் சற்று மேற்பட்டோரே பதில் தந்தனர் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். எண் சற்றுக் கூடலாம், குறையலாம். ஆனால் அவர்கள் எண்ணிப் பார்த்தார்கள். எண்ணிப் பார்த்தவன் வீட்டில் நோய் இருக்கிறது, எண்ணாதவன் வீட்டில் இல்லை என்று கொள்வது எந்த ஊர் மருத்துவம்?

நம் தலைநகரையே பாருங்கள். 2024 டிசம்பர் 23 அன்று இரவு சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே ஒரு மாணவி வன்கொடுமைக்கு ஆளானாள். அவள் துணிந்து புகார் செய்தாள். நடந்தது என்ன? அவளுடைய அடையாளத்தைத் தாங்கிய முதல் தகவல் அறிக்கை ஊரெங்கும் பரவியது. அப்பெண்ணுக்கு 25 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்குமாறு சென்னை உயர் நீதிமன்றம் அரசுக்கு ஆணையிட்டது. 2025 ஜூன் மாதத்தில் குற்றவாளிக்கு, 30 ஆண்டுகளுக்குக் குறையாத ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. நீதி கிடைத்தது, உண்மை. ஆனால் கலைந்துபோன போர்வையை 25 இலட்சத்தால் நெய்துவிட முடியுமா? அந்தச் செய்தியைப் படித்த மற்ற மாணவியர் புகார் மனுவின் முன் பேனாவைக் கீழே வைத்திருந்தால் அவர்களை யார் குறை கூற முடியும்?

"கன்னிப் பெண்கள் இத்தகைய பேச்சுகளைக் காதால் கேட்கலாமா? நாணம் என்னாவது?" என்பது அடுத்த வாதம். நாணம் என்பது தீங்கு செய்யத் தயங்குவது. தீங்குற்றவளின் அழுகையைக் கேட்கத் தயங்குவதன்று. மகப்பேறு மருத்துவம் படிக்க நம் பெண்களை மகிழ்ந்து அனுப்புகிறோம். அங்கே அவர்கள் காணாததும் கேளாததும் உண்டா? உடலின் காயத்தைக் காண்பது தொண்டு, உள்ளத்தின் காயத்தைக் கேட்பது நாணக்கேடு என்று வகுத்தவர் யார்? பெண்ணின் துயரைப் பெண் கேட்க வேண்டுமானால், அதற்கெனப் பயின்ற பெண் வேண்டும். அவள் பிறர் வீட்டில்தான் பிறக்க வேண்டும் என்பது என்ன நியாயம்?

"பொய்ப் புகாருக்கு இது வழி வகுக்காதா?" என்பாரும் உளர். துணைநிற்பவர் தீர்ப்பளிப்பவர் அல்லர். குற்றஞ்சாட்டப்பட்டவர் தம் பக்கத்தை எடுத்துரைக்க விசாரணை மன்றம் தனியே இருக்கிறது. அவ்விசாரணையின் விதிகள் அமெரிக்காவில் 2011, 2020, 2024 என அரசுகள் மாற மாறத் திருத்தப்பட்டன. 2024இன் விதிகளை 2025 ஜனவரியில் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. விசாரணையின் நெறிகளைப் பற்றி அறிஞர் வாதிடட்டும். ஆனால் அழுதுகொண்டு வருபவளுக்கு ஒரு கோப்பைத் தண்ணீர் கொடுத்து, 'என்ன செய்யலாம் என்று சேர்ந்து பார்ப்போம்' என்று சொல்வதற்கு எந்த நிரபராதியும் அஞ்ச வேண்டியதில்லை.

இனி, எல்லாரும் மெல்லச் சொல்லும் வாதத்துக்கு வருவோம். "பெற்றவர்களுக்குத் தெரியாமல் ஓர் அலுவலகத்தில் பிள்ளை பேசுவதா?" இதில் ஒரு வாப்பாவின் நெஞ்சு வலி இருக்கிறது, அதை நாம் எள்ளி நகையாடமாட்டோம். ஆனால் ஒன்று கேட்கிறோம். அந்தப் பெண் ஏன் முதலில் வீட்டுக்குத் தொலைபேசி செய்யவில்லை? 'வாப்பா அறிந்தால் படிப்பை நிறுத்திவிடுவார்; உம்மா அறிந்தால் என்னையே பழிப்பார்; ஊர் அறிந்தால் தங்கையின் திருமணம் நின்றுவிடும்' என்ற அச்சத்தை அவள் நெஞ்சில் விதைத்தது பல்கலைக்கழகமா? கள்வன் புகுந்த வீட்டில் களவு கொடுத்தவரையே சிறை வைக்கும் வழக்கம் உலகில் எங்கும் இல்லை. பெண்ணின் மானத்தில் மட்டும் அந்த வழக்கத்தை நடத்துகிறோம். இரகசிய அலுவலகம் பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கவில்லை. பெற்றோரிடம் சொல்ல அஞ்சும் பிள்ளை, யாரிடமும் சொல்லாமல் மாய்ந்துபோகாதபடி இடையில் ஒரு திண்ணை அமைத்துத் தருகிறது. அங்கே சற்று மூச்சுவாங்கியவள்தான் வீட்டுக்குத் திரும்பும் சொற்களையும் தேடிக்கொள்கிறாள்.

மறைப்பு எப்போது கொடுமையாகிறது என்பதற்கும் அந்நாடே சான்று. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் லாரி நாசர் என்னும் மருத்துவர், சிகிச்சை என்ற பெயரில் விளையாட்டு வீராங்கனைகளைப் பல்லாண்டுக் காலம் சீரழித்தார். 2014இல் ஒரு பெண் புகார் செய்தபோது பல்கலைக்கழகமே விசாரித்து, குற்றமில்லை என்று அனுப்பிவிட்டது. 2018இல் நீதிமன்றத்தில் 150க்கும் மேற்பட்ட பெண்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து பேசினர். பல்கலைக்கழகம் 50 கோடி டாலர் இழப்பீடு தர இசைந்தது. 2019இல் மேலும் 45 இலட்சம் டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. முதலில் முறையிட்ட பெண்ணின் சொல்லைச் செவிமடுத்திருந்தால் பிந்தியவர்கள் தப்பியிருப்பார்கள். நிறுவனத்தின் பெயரைக் காக்கும் மறைப்பு இது. கித்மானின் அச்சு அசல்.

நம் நாட்டிலும் சட்டத்துக்குக் குறைவில்லை. 1997இல் உச்ச நீதிமன்றம் விசாகா வழக்கில் நெறிமுறை வகுத்தது. 2013இல் பாராளுமன்றம் சட்டம் இயற்றியது. 2015ஆம் ஆண்டு விதிமுறைகளில் பல்கலைக்கழக மானியக் குழு, ஒவ்வொரு கல்லூரியிலும் உள் புகார்க் குழு அமைய வேண்டும் என்றும், மாணவர் தொடர்பான வழக்குகளில் மாணவர் மூவரும் அதில் இடம்பெற வேண்டும் என்றும் விதித்தது. புகார் செய்தவரின் பெயரை வெளியிடலாகாது என்பதும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில் உண்டு. ஆனால் புகார்க் குழு என்பது விசாரிக்கும் வாயில். புகாருக்கு முன்னே நின்று கைபிடிக்கும் வாயில் எங்கே? பதினெட்டு வயது நிரம்பாதவருக்கு நேர்ந்த கொடுமையை அறிந்தவர் காவல் துறைக்கு அறிவித்தே ஆக வேண்டும் என்பது நம் சட்டம். அதில் இரகசியத்துக்கு இடமில்லை, இருக்கவும் கூடாது. கல்லூரியில் பயிலும் வயதுவந்த பெண்ணுக்கோ தன் துயரைத் தன் விருப்பப்படி வெளியிடும் உரிமை வேண்டும்.

ஆகவே, நம் சமுதாயம் நடத்தும் கல்லூரிகளின் நிர்வாகப் பெருமக்களிடம் மூன்றைக் கேட்கிறோம். புகார்க் குழுவுக்கு அப்பால், பயிற்சி பெற்ற ஒரு பெண்மணியைத் துணைநிற்பதற்கென்றே அமர்த்துங்கள். அவர் நிர்வாகத்துக்குக் கதை சொல்பவராக இருத்தலாகாது. மூத்த மாணவியரையும் மாணவரையும் தேர்ந்து தடுப்புப் பணிக்குப் பழக்குங்கள். மாணவரை விட்டுவிட்டு மாணவியரை மட்டும் எச்சரிப்பது பாதி வேலை. எத்தனை புகார்கள் வந்தன, எத்தனை தீர்ந்தன என்று ஆண்டுதோறும் எண்ணிக்கையை வெளியிடுங்கள். 'புகாரே இல்லை' என்று மார்தட்டும் கல்லூரியைக் கண்டு பெற்றோர் மகிழ வேண்டியதில்லை. அங்கே தீங்கே இல்லையா, சொல்லும் துணிவுதான் இல்லையா என்று கேட்க வேண்டும்.

பெற்றோரிடம் கேட்பது ஒன்றே. மகளை விடுதிக்கு அனுப்பும் நாளில் ஊறுகாய்ப் புட்டியோடும் துணிமணியோடும் ஒரு சொல்லையும் கொடுத்தனுப்புங்கள்: "உனக்கு ஏதேனும் நேர்ந்தால் எங்களிடம் சொல்; உன் படிப்பு நிற்காது, உன்மீது பழி விழாது." அமெரிக்காவிலிருந்து உங்கள் மகள் அந்தப் பயிற்சிப் பணிக்கு அனுமதி கேட்டு எழுதினால், தயங்காமல் இசைவு கொடுங்கள். பிறர் பெற்ற பெண் ஒருத்தியின் அமானத்தைக் காக்க அவள் கற்கப்போகிறாள். அதை இழிவென்று சொல்வோர், அமானத் என்னும் சொல்லுக்கு வேறு என்ன பொருள் வைத்திருக்கிறார்கள் என்பதை வெளிப்படையாகச் சொல்லட்டும்.