கண்டியின் இருநூறு ஆண்டு விருந்தாளிகள்

மேடை கிடைத்தால் போதும், மலையகத் தமிழருக்கு அறிவுரை கூற எவரேனும் எழுந்து விடுகிறார். "நாட்டோடு ஒன்றுங்கள், அயலவரோடு கலந்து வாழுங்கள், இந்தியாவைத் திரும்பிப் பார்ப்பதை விடுங்கள்" என்பதே அவ்வறிவுரையின் சாரம். கண்டியில் நடைபெறும் நல்லிணக்கக் கூட்டங்களில் இதனைக் கேட்டுக் கேட்டுச் செய்தி எழுதிச் சலித்தவன் நான். ஐரோப்பாவின் வலதுசாரிகள் குடியேறிகளை நோக்கி எழுப்பும் குரலின் உள்ளூர்ப் பதிப்புத்தான் இது. ஆனால், ஒரு வேறுபாடுண்டு. அங்கே அறிவுரை கேட்பவர்கள் பெரும்பாலும் ஓரிரு தலைமுறைக்குள் வந்தவர்கள். இங்கே கேட்பவர்களின் முன்னோரோ, 1820களில் கம்பளைப் பக்கம் கோப்பித் தோட்டங்கள் எழுந்த காலம் முதலே வரத் தொடங்கியவர்கள். 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலையை நட்டபோது, காட்டை வெட்டி மலையைத் திருத்திய கைகள் அவர்களுடையவை.

எனது கட்சி எளியது. ஒருவன் ஒன்றவில்லை என்று குறை கூறுமுன், ஒன்றுவதற்கு அவனுக்கு இடம் கொடுக்கப்பட்டதா என்று கேட்க வேண்டும். உரிமை முன்னே வரவேண்டும். இணக்கம் அதன் பின்னே வரும்.

முழுமையாக ஒன்றியவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதற்கும் கண்டியே சாட்சி. 1739 முதல் 1815 வரை இந்நகரை ஆண்ட நால்வரும் மதுரை நாயக்கர் வழியினர். அவர்களில் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன், சீயம் நாட்டிலிருந்து பிக்குமாரை வரவழைத்து 1753 இல் உபசம்பதாவை மீட்டெடுத்தான். இன்று மல்வத்தை, அஸ்கிரிய பீடங்கள் சார்ந்திருக்கும் சீயம் நிகாயம் அவ்வாறு பிறந்ததே. எசல பெரகராவில் தலதா பேழை முதன்மை பெற்றதும் அவன் காலத்தில் என்பர். உல்லாசப் பயணிகள் படம்பிடித்து மகிழும் கண்டி வாவியை அமைத்தவன் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன். இதற்குமேல் எவ்வாறு ஒன்றுவது? எனினும், 1815 மார்ச் 2 ஆம் திகதி கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தானபோது, 'மலபார்' இனத்தவருக்கு இவ்விராச்சியத்தின் மீது எவ்வுரிமையும் இல்லையென்று எழுதப்பட்டது. மன்னன் வேலூருக்கு நாடுகடத்தப்பட்டு, 1832 இல் அங்கேயே இறந்தான். அவனது ஆட்சியின் கொடுமைகளை நான் மறுக்கவில்லை. ஆனால், ஒப்பந்தத்தில் தண்டிக்கப்பட்டது கொடுமை மட்டுமன்று. பிறப்பும் கூடவே தண்டிக்கப்பட்டது.

அரசனுக்கே அந்தக் கதியென்றால், கூலிக்கு?

1947 பொதுத்தேர்தலில் தோட்டத் தொழிலாளர் வாக்களித்தனர். நாவலப்பிட்டியிலிருந்து கே. இராஜலிங்கம் உள்ளிட்ட இலங்கை இந்திய காங்கிரஸ் உறுப்பினர்கள் பாராளுமன்றம் சென்றனர். வாக்களிப்பதைவிட மேலான ஒன்றுதல் எதுவென்று எனக்குத் தெரியவில்லை. அதற்குக் கிடைத்த பரிசு 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம். தந்தை இங்கு பிறந்தமையை, அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தமையை நிறுவுக என்றது அது. லயத்துக் காம்பிராவில் பிறந்த பாட்டனின் பிறப்புப் பத்திரத்திற்கு எங்கே போவது? அடுத்த ஆண்டு வந்த இந்திய, பாகிஸ்தானியர் சட்டத்தின் கீழ் 8 இலட்சத்துக்கும் அதிகமானோருக்காக விண்ணப்பிக்கப்பட்டது. பிரஜாவுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேர் மட்டுமே. 1952 தேர்தலின் பின் அக்கட்சியின் உறுப்பினர் ஒருவர்கூட அச்சபையில் இல்லை.

பின்னர் 1964 இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையொப்பமிட்டனர். 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு என்று பங்கீடு நடந்தது. மீதி ஒன்றரை இலட்சம் பேரைச் சரிபாதியாகப் பிரிக்கப் பத்தாண்டுகள் காத்திருந்தார்கள். பங்கிடப்பட்டவர்களிடம் எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தலைமன்னாரில் கப்பலேறி நீலகிரிக்குப் போய்ச் சேர்ந்தவர்களைக் கோத்தகிரியிலும் கூடலூரிலும் 'சிலோன்காரர்' என்றார்கள். கண்டியில் இந்தியன், கோத்தகிரியில் சிலோன்காரன். இவர்கள் எந்த நாட்டோடுதான் ஒன்றுவது?

எஞ்சியோரின் நாடற்ற நிலைக்குச் சட்டம் முற்றுப்புள்ளி வைத்தது 2003 இல். ஐம்பத்தைந்து ஆண்டுகள்!

இனி மேற்குலகைப் பாருங்கள். அங்கே நிறவெறி இல்லையென்று சொல்ல நான் முட்டாளல்லன். ஆனால் கனடாவில் நிரந்தர வதிவுரிமை பெற்றவர், ஐந்தாண்டுக்குள் மூன்றாண்டு காலம் அங்கு வாழ்ந்திருந்தால் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். கடுமைக்குப் பெயர்போன சுவிற்சர்லாந்திலும் பத்தாண்டுகள்தான். இலங்கையில் பிறந்த கரி ஆனந்தசங்கரி 2025 இல் கனடாவின் பொதுப் பாதுகாப்பு அமைச்சரானார். தமிழ் பேசுவதையும் பொங்கல் கொண்டாடுவதையும் அவர் விட்டுவிட வேண்டுமென்று அந்நாட்டுச் சட்டம் கேட்கவில்லை.

ரொறன்ரோவிலும் சூரிச்சிலும் இவ்வுரிமைகளை அனுபவிக்கும் எம்மவரிடமும் ஒன்று கேட்க வேண்டியுள்ளது. வந்த பத்தாண்டுக்குள் கடவுச்சீட்டுப் பெற்ற நீங்கள், இருநூறு ஆண்டு உழைத்தவனைத் 'தோட்டக்காட்டான்' என்று இன்னும் எத்தனை காலம் அழைக்கப்போகிறீர்கள்? 1949 இல் செல்வநாயகம் தமிழரசுக் கட்சியைத் தொடங்கியதற்கு மலையக மக்களின் வாக்குரிமைப் பறிப்பும் ஒரு காரணம் என்பதையாவது நினைவிற் கொள்ளுங்கள்.

"பிரஜாவுரிமைதான் கிடைத்துவிட்டதே, இன்னும் என்ன?" என்பார் சிலர். காகிதம் கிடைத்தது, காணி கிடைக்கவில்லை. ஜனவசமவும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் நிர்வகிக்கும் கண்டி மாவட்டத் தோட்டங்களில், தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் லயம் தொழிலாளிக்குச் சொந்தமன்று. வீட்டுக்கு இலக்கமில்லை, வீதிக்குப் பெயரில்லை. அவருக்கு வரும் கடிதம் தோட்டத்துக் காரியாலயத்தைச் சுற்றியே வரவேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கண்டி மாவட்டத்தின் மலைச்சரிவுகளைப் பெயர்த்தபோது, மண்சரிவு உறுதிப் பத்திரம் பார்த்து வரவில்லை. ஆனால் இடிந்த வீடு யாருடையது என்ற கேள்விக்கு விடை சொல்லப் பத்திரம் வேண்டியிருக்கிறது.

ஒன்றுதல் மக்களிடையே எப்போதோ நடந்துவிட்டது. தெல்தோட்டையிலும் கலஹாவிலும் சிங்களம் பேசத் தெரிந்த தொழிலாளர் நிறையப் பேர் உண்டு. பக்கத்துக் கிராமத்துச் சிங்களவரிடம் கேளுங்கள். கொழுந்து நிறுக்கும் இடத்திலும் கடைத்தெருவிலும் அவர்கள் ஒன்றாகவே நிற்கிறார்கள். தெய்வங்களும் முந்திக்கொண்டன. கண்ணகி பத்தினியாகவும் முருகன் கதிர்காமத் தெய்யோவாகவும் ஆண்டுதோறும் கண்டிப் பெரகராவில் பவனி வருகிறார்கள். அவர்களிடம் எவரும் பாட்டனின் பிறப்புப் பத்திரம் கேட்பதில்லை.

கோரிக்கை இரண்டே. குடியிருக்கும் நிலத்துக்கு உறுதி. வீட்டுக்கு இலக்கத்தோடு ஒரு முகவரி. இவற்றைக் கொடுத்துவிட்டு அறிவுரை கூறுங்கள், கேட்கிறோம். அதுவரை, வாசலில் நிறுத்தி வைத்திருப்பவனைப் பார்த்து "ஏன் உள்ளே வரவில்லை?" என்று கேட்பதை நிறுத்துங்கள்.