பெரட்டுக்கு வாருங்கள்!

சகோதரரே, சகோதரிகளே, சிரம்பானிலும் செனவாங்கிலும் நீலாயிலும் தாமான் வீடுகளுக்குக் குடிவந்துவிட்ட தோட்டத்துப் பிள்ளைகளே!

ஆண்டவர் வருகிறார் என்று ஞாயிறுதோறும் பாடுகிறோம். வாட்சப்பில் அதைவிட அதிகமாகப் பேசுகிறோம். எந்தப் போர் எந்த முத்திரை, எந்தக் கிரகணம் எந்த அடையாளம் என்று நடுராத்திரி வரை காணொளி அனுப்பிக்கொண்டிருக்கிறோம். 2011 மே 21-இல் ஆண்டவர் வருவார் என்று அமெரிக்க வானொலிப் போதகர் ஹெரால்ட் கேம்பிங் நாள் குறித்தார். அதை நம்பி வேலையை விட்டவர்கள் உண்டு, சேமிப்பைக் கரைத்தவர்களும் உண்டு. மே 22 வழக்கம்போல விடிந்தது. தெசலோனிக்கே சபையிலும் இதே கோளாறு. வருகையைச் சாக்காக வைத்து வேலை செய்யாமல் திரிந்தவர்களைப் பவுல் கண்டித்து எழுதினார். அவரே கூடாரம் தைத்துச் சாப்பிட்டவர். நாளைக் கணக்குப் பார்ப்பது நம் வேலை இல்லை. நம்மிடம் கேட்கப்போகும் கணக்கு வேறு.

லூக்கா 12-ஐத் திறந்து பாருங்கள். கலியாணத்துக்குப் போன எஜமான் எந்த ஜாமத்தில் திரும்புவான் என்று வேலைக்காரர்களுக்குத் தெரியாது. அதனால் கச்சை கட்டி, விளக்கை அணையவிடாமல் இருந்தார்கள். இதை நமக்கு யாரும் வியாக்கியானம் பண்ண வேண்டியதில்லை. நம் அப்பா அம்மா இருட்டோடு எழுந்து, காலைக் கணக்கெடுப்பான பெரட்டில் பெயர் கொடுத்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரக் காட்டுக்குள் இறங்கியவர்கள். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். குளிர் இருக்கும்போதே வெட்டியாக வேண்டும்.

மேற்பார்க்கும் மண்டோர் அந்தப் பக்கம் போனதும் உளியைக் கொஞ்சம் ஆழமாக இறக்கினால் அன்றைக்கு வாளி நிறையலாம். ஆனால் பட்டைக்குக் கீழே இருக்கும் மெல்லிய படலம் காயப்பட்டுப் போகும். அங்கே புதுப்பட்டை சமமாக வளராது, முடிச்சு முடிச்சாகப் புடைக்கும். பல வருஷம் கழித்துத் துரை வந்து மரத்தைத் தடவிப் பார்த்தாலே போதும், வெட்டியவன் கை எப்படிப்பட்டது என்று மரம் சொல்லிவிடும். எஜமான் இல்லாத நேரத்தில் நாம் செய்கிற ஊழியமும் அப்படித்தான்.

காத்திருப்பதும் நமக்குப் புதிதில்லை. 1942, 43-இல் ஜப்பானியர் மலாயாத் தோட்டங்களிலிருந்து நம்மவர்களைச் சயாம்-பர்மா ரயில் பாதை போட ஏற்றிக்கொண்டு போனார்கள். 415 கிலோமீட்டர் தண்டவாளம். போன தமிழரில் பல்லாயிரம் பேர் திரும்பவே இல்லை. லயத்தில் நின்ற பெண்களுக்குக் கடிதமும் இல்லை, சேதியும் இல்லை. கையைக் கட்டிக்கொண்டா உட்கார்ந்தார்கள்? மரவள்ளி நட்டார்கள். கிழங்கை அவித்துக் கொடுத்துப் பிள்ளைகளைக் காப்பாற்றினார்கள்.

நம் பகாவில் நடந்ததைக் கேளுங்கள். 1943 கடைசியில், ஜப்பானியர் ஆட்சியில், சிங்கப்பூர்க் கத்தோலிக்கக் குடும்பங்களை அங்கே காட்டில் கொண்டுவந்து குடியேற்றினார்கள். மலாக்கா ஆயர் அட்ரியன் டெவால்ஸ் அவர்களோடு வந்து தங்கினார். பசி, மலேரியா, சாவு. ஆயரும் மண்வெட்டி பிடித்தார். அந்த வேலையில் காலில் பட்ட காயம் முற்றி, 1945 ஜனவரியில் இறந்துபோனார். நான் கத்தோலிக்கன் இல்லை. ஆனாலும், எஜமான் வரும்போது வேலையில் இருந்த ஊழியக்காரன் யார் என்று கேட்டால் அவரைத்தான் காட்டுவேன்.

இன்றைக்கு நம் தோட்டங்களில் வேலை இல்லையா? பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. எத்தனையோ தோட்டங்கள் தாமானாகவும் தொழிற்பேட்டையாகவும் மாறிப்போயின. மிஞ்சிய லயங்களுக்குள் நுழைந்து பாருங்கள். இங்கேயே பிறந்து, இங்கேயே உழைத்து, இன்னும் குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாள அட்டையோடு உட்கார்ந்திருக்கும் பாட்டி இருப்பார். பிறப்புப் பத்திரம் எடுக்காமல் விட்ட பேரப்பிள்ளை இருக்கும். பத்திரம் இல்லாத பிள்ளை பள்ளிக்கூடத்தில் சேர எவ்வளவு அலைய வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். அடுத்த கதவில் குலை வெட்ட வந்த வங்காளதேசத்து இளைஞன் காய்ச்சலில் கிடப்பான். நம் தாத்தாவும் அப்படி ஒரு கப்பலில் வந்து இறங்கியவர்தான். மத்தேயு 25-இல் பசித்தவனாக, நோயாளியாக, அந்நியனாக ஆண்டவர் தம்மையே சொல்கிறார். அப்படியானால் அவர் ஏற்கெனவே அந்த லயத்தில் இருக்கிறார். நாம்தான் இன்னும் போய்ச் சேரவில்லை.

போதகர் பார்த்துக்கொள்வார் என்று சொல்லாதீர்கள். அவர் ஒருவர், தோட்டங்கள் பல. ஷிப்ட் வேலை என்கிறவர்கள் மாற்று ஷிப்டில் வாருங்கள். கேரல் பவனிக்குப் புதுச் சட்டை தைக்க நிதி திரட்டுகிறோமே, (போன வருஷத்துச் சட்டைக்கு என்ன குறை?) அந்தப் பணத்தை மருந்துக்குத் திருப்புங்கள். இந்த வருஷம் பவனி முதலில் லயங்களுக்குப் போகட்டும்.

வருகிற சனிக்கிழமை காலை 7 மணிக்கு ஆலய வாசலில் இரண்டு வேன் நிற்கும். ஒன்று ரந்தாவ், சிலியாவ் வழியாக லிங்கிக்கு. இன்னொன்று பகாவ் பக்கம். பதிவிலாகா பாரம் நிரப்பத் தெரிந்தவர்கள், மலாயில் தப்பில்லாமல் எழுதக்கூடியவர்கள், தாதியர், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் முதலில் பெயர் கொடுங்கள். அம்மாமார் பத்துப் பேருக்குச் சோறு கட்டினால் போதும். வாலிபர் சங்கத்தாரே, இந்த முறை கிட்டார் வேண்டாம். ஏணியும் ஆணியும் சுத்தியலும் கொண்டுவாருங்கள். மழைக்காலம், கூரைகள் ஒழுகுகின்றன.