முதியோருக்கு வருடாந்தத் தடுப்பூசி பயனற்றதா?

இன்புளுவன்சா தடுப்பூசியை வருடந்தோறும் ஏற்றிக்கொண்டால் உடலின் நோயெதிர்ப்புச் சக்தி மழுங்கிவிடும் என்ற அச்சம் முதியோர் மத்தியிலும் அவர்களைப் பராமரிக்கும் பிள்ளைகள் மத்தியிலும் அவ்வப்போது எழுவதுண்டு. இதனை வெறும் வதந்தியென ஒதுக்கிவிட முடியாது. அதேவேளை, தடுப்பூசியைக் கைவிடுவதற்கான நியாயமாகவும் இதனைக் கொள்ள முடியாது.

இச்சந்தேகம் புதியதன்று. 1970 களில் இங்கிலாந்தின் விடுதிப் பாடசாலையொன்றின் மாணவர்களிடையே மேற்கொள்ளப்பட்ட ஆய்வு, வருடாந்தத் தடுப்பூசியால் நீண்டகால நன்மை கிட்டவில்லை என்ற முடிவை 1979 இல் வெளியிட்டது. எனினும் அமெரிக்காவின் ஹியூஸ்டன் நகரில் ஐந்து வருடங்கள் நடத்தப்பட்டு 1997 இல் வெளியான ஆய்வு, தொடர்ச்சியாகத் தடுப்பூசி பெற்றோரிடம் பாதுகாப்பு குன்றியதாகக் காணவில்லை.

இம்முரண்பாட்டுக்கு 1999 இல் டெரெக் ஸ்மித்தும் அவரது சகாக்களும் விளக்கமொன்றை முன்வைத்தனர். சென்ற வருடத் தடுப்பூசியும் இவ்வருடத் தடுப்பூசியும் ஒன்றையொன்று பெரிதும் ஒத்திருந்தால், உடலில் ஏற்கனவே உள்ள பிறபொருளெதிரிகள் புதிய மருந்தை முன்கூட்டியே மடக்கிவிடுகின்றன; புதிய எதிர்ப்பு உருவாக இடம் குறைகிறது. அவ்வருடம் பரவும் வைரஸ் பழைய தடுப்பூசியிலிருந்து வேறுபட்டதாயின், பாதுகாப்பு மேலும் குன்றுகிறது. வைரஸ் வருடந்தோறும் தன்னை மாற்றிக்கொள்வதால், விளைவும் வருடத்துக்கு வருடம் வேறுபடுகிறது.

2023 இல் வெளியான விரிவான மீளாய்வு இக்குறைவை அளவிட்டுக் காட்டியது. நடப்பு வருடத்தில் மட்டும் தடுப்பூசி பெற்றவர்களோடு ஒப்பிடுகையில், முந்திய வருடத்திலும் பெற்றவர்களிடம் எச்3என்2 வகைக்கு எதிரான பயன் சுமார் 18 வீதப் புள்ளிகளும், எச்1என்1 வகைக்கு 9 புள்ளிகளும், பி வகைக்கு 7 புள்ளிகளும் குறைந்திருந்தன. ஆயினும் அவர்கள், தடுப்பூசியே பெறாதவர்களை விடச் சிறந்த பாதுகாப்புடனேயே இருந்தனர் என்பது கவனிக்கத்தக்கது.

முதியோரைப் பொறுத்தவரை கேள்வியே வேறாகும். அவர்களுக்குத் தடிமனும் காய்ச்சலும் மட்டுமல்ல, நியூமோனியாவும் மரணமுமே உண்மையான ஆபத்து. ஸ்பெயினின் 20 வைத்தியசாலைகளில் 65 வயதும் அதற்கு மேற்பட்டவர்களிடையே நடத்தப்பட்டு 2018 இல் வெளியான ஆய்வில், நடப்புப் பருவத்திலும் முந்திய பருவங்களிலும் தடுப்பூசி பெற்றோருக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவில் அனுமதிக்கப்படும் நிலைக்கெதிராக 74 வீதமும், மரணத்துக்கெதிராக 70 வீதமும் பாதுகாப்புக் கிட்டியமை கண்டறியப்பட்டது. அப்பருவத்தில் மட்டும் பெற்றவர்களிடம் கடும் நோய்க்கெதிரான குறிப்பிடத்தக்க பயன் தென்படவில்லை. தொடர்ந்து தடுப்பூசி பெறுவோர் பொதுவாகவே உடல்நலத்தில் அக்கறை மிக்கவர்களாக இருக்கக்கூடும் என்பதையும் இங்கு கருத்திற்கொள்ள வேண்டும். இருப்பினும் இம்முடிவு இலகுவில் புறந்தள்ளக் கூடியதன்று.

முதியோரின் எதிர்ப்பாற்றல் தளர்வதற்கு ஊசியின் எண்ணிக்கையை விட வயதே பெருங்காரணம். இதனாலேயே நான்கு மடங்கு வீரியமுள்ள தடுப்பூசி 2009 இல் அமெரிக்காவில் முதியோருக்கென அங்கீகரிக்கப்பட்டது. சுமார் 32,000 பேரிடம் நடத்தப்பட்ட பரிசோதனையில், அது வழமையான தடுப்பூசியை விட 24 வீதம் கூடுதல் பயனளித்தமை 2014 இல் வெளியாகியது.

ஹஜ் யாத்திரை செல்வோருக்கு சவூதி அரேபியா இத்தடுப்பூசியைப் பரிந்துரைத்து வருகிறது. வெளிநாடுகளில் பிள்ளைகளுடன் வாழும் எமது முதியோர் பலருக்கும் வருடந்தோறும் அழைப்பு வருகிறது. 'சென்ற வருடம் போட்டதுதானே' என்று அவர்கள் தயங்கும்போது, குறைபாட்டை மறைக்காது எடுத்துரைப்பதே வைத்தியர்களின் கடமை. பாதுகாப்பு சற்றுக் குறைவதும் பாதுகாப்பே இல்லாதிருப்பதும் ஒன்றல்ல. அவ்வேறுபாட்டில் ஒரு முதியவரின் உயிர் தங்கியிருக்கலாம்.